முக்காலே மூணு வீசமும், காலண்டரில் இல்லாத ஒரு நாளும்

2006 ஜூலை கடைசி வாரம். புனேயில் நசநசவென்று மழை. பிம்பிரி-சிஞ்ச்வட் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் சம்பளக் கணக்கும், ஓய்வு பெறுகிறவர்களின் கணக்கும் போட்டுக் கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் அப்போது பொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். "பையன் சாஃப்ட்வேர்ல இருக்கான்" என்று ஊரில் அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் முக்கால்வாசி வேலை எக்செல்தான் :-)

ஒரு மத்தியானம் ரிசப்ஷனில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், கணக்குப் போட்டவரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறார் என்று தகவல் வந்தது. போனேன். சத்தாரா பக்கத்துக்காரர், தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஜூன் 30ஆம் தேதி ரிடையர் ஆனவர். நனையாமல் இருக்க ஒரு பால் கவருக்குள் வைத்திருந்த இரண்டு காகிதங்களை எடுத்தார். ஒன்று அவர் வேலைக்குச் சேர்ந்த கடிதம், 1975 ஜூலை 1. இன்னொன்று எங்கள் பிரிண்டர் துப்பிய கிராஜுவிட்டித் தாள்.

"சாஹேப், எழுபத்தஞ்சுலேர்ந்து ரெண்டாயிரத்து ஆறு வரைக்கும் எத்தனை வருஷம்?"

"முப்பத்தொண்ணு, காகா."

"இதுல இருபத்தேழுன்னு இருக்கே?"

தாளைப் பார்த்தேன். சேர்ந்த தேதி என்ற இடத்தில் 1-7-1975 என்று சரியாகத்தான் அச்சாகியிருந்தது. பக்கத்திலேயே சேவைக்காலம் 27. கடைசிச் சம்பளம் 10,400 ரூபாய். கிராஜுவிட்டி என்பது வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கணக்கு. ஆக வருஷத்துக்கு 6,000. நாலு வருஷத்துக்கு 24,000 ரூபாய் அவர் கையிலிருந்து போயிருக்கிறது.

தப்பு என்னுடையது. வேறு யாரும் தொடாத ஒரு காலத்தில், நான் கைப்பட எழுதிய ஒரு சூத்திரத்தில் இருந்தது. ஆனால் அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்ல 1983க்குப் போகவேண்டும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்ளுங்கள்.

எக்செல்லைப் புரோகிராமிங் என்று யாரும் மதிப்பதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். 1979இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக விசிகால்க் செய்தபோது, கணக்குத் தெரிந்த, நிரல் எழுதத் தெரியாத ஆட்களுக்கு ஒரு எடிட்டரைத்தான் கொடுத்தார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு வரி நிரல். உலகத்தில் அதிகம் பேர் சூத்திரம் எழுதுகிற இடம் இன்றைக்கும் அந்தக் கட்டம்தான். ஆனால் இந்த எடிட்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நீங்கள் தட்டியதை அப்படியே வைத்துக்கொள்ளாது. "இவர் இதைத்தான் சொல்ல வருகிறார்" என்று தானே ஒரு முடிவுக்கு வந்து மாற்றி வைத்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் சில மாமாக்கள் செய்வதைப் போல.

தேதியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் தேதி என்று தட்டுவது உள்ளே வெறும் எண். 1900 ஜனவரி 1 என்றால் 1, மறுநாள் 2, இப்படியே. 1983 ஜனவரியில் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 இப்படித்தான் வைத்துக்கொண்டது. அதில் ஒரு சின்னப் பிசகு. 1900ஐ லீப் வருஷம் என்று எடுத்துக்கொண்டது. நூற்றாண்டு வருஷம் 400ஆல் வகுபட்டால்தான் லீப் வருஷம். 1900 வகுபடாது. ஆக 1900இல் பிப்ரவரி 29 என்று ஒரு நாளே கிடையாது. லோட்டஸில் மட்டும் உண்டு, 60ஆவது நாளாக.

தெரியாமல் செய்தார்களா, தெரிந்தே செய்தார்களா என்று இன்று வரை பட்டிமன்றம்தான். நினைவகம் கிலோபைட் கணக்கில் இருந்த காலம் அது. நாலால் வகுபடுகிறதா என்று மட்டும் பார்ப்பது சுலபம். அப்படிப் பார்த்தால் 1900 முதல் 2099 வரை அந்த விதி சறுக்குவது ஒரே ஒரு வருஷத்தில்தான், அது 1900. யார் 1900 பிப்ரவரிக்குக் கணக்குப் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருக்கலாம்.

பிறகு மைக்ரோசாஃப்ட் வந்தது. லோட்டஸ் கோப்புகளை அப்படியே திறக்கமுடியாவிட்டால் ஒருத்தரும் எக்செல்லுக்கு மாறமாட்டார்கள். எனவே, தப்பு என்று தெரிந்தே அந்த இல்லாத நாளை நகலெடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் எக்செல்லில் ஒரு கட்டத்தில் 60 என்று போட்டுத் தேதியாக மாற்றிப் பாருங்கள், பிப்ரவரி 29, 1900 என்று கூசாமல் காட்டும். 1900 ஜனவரி 1 என்ன கிழமை என்று கேட்டால் ஞாயிறு என்கும். அன்றைக்குத் திங்கள். ஏன் திருத்தவில்லை என்பதற்கு மைக்ரோசாஃப்ட்டே ஒரு விளக்கப் பக்கம் வைத்திருக்கிறது. இப்போது திருத்தினால் உலகத்தில் இருக்கிற அத்தனை தாள்களிலும் அத்தனை தேதிகளும் ஒரு நாள் நகர்ந்துவிடும் என்கிறார்கள். வாஸ்தவம்தான்.

இதன் மேல் இன்னொரு கைவைத்தியம். எக்செல்லுக்குள் பேசிக் மொழியைக் கொண்டுவந்தவர்கள் லோட்டஸின் பொய்யைத் தங்கள் மொழிக்குள் விட விரும்பவில்லை. அதற்காக எண்களும் ஒத்துப்போகாமல் இருக்கமுடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? தொடக்கத்தையே ஒரு நாள் பின்னுக்குத் தள்ளி, பூஜ்யம் என்றால் 1899 டிசம்பர் 30 என்று வைத்துக்கொண்டார்கள். 1900 மார்ச் 1 முதல் இரண்டும் ஒரே எண். முதல் இரண்டு மாதம் மட்டும் உதைக்கும். 1992இல் எக்செல் குழுவில் இருந்த ஜோயல் ஸ்பால்ஸ்கி இதைப் பில் கேட்ஸுக்கு விளக்க நேர்ந்த கதையை 2006இல் எழுதினார். பிறகு வந்த கூகுள் ஷீட்ஸும் லிப்ரே ஆபீஸும் இதே டிசம்பர் 30ஐத்தான் பூஜ்யமாக வைத்திருக்கின்றன. ஏன் இப்படி ஒரு அசட்டுத் தேதி என்று கேட்கிற புதுப்பையனுக்கு 1983லிருந்து கதை சொல்லவேண்டியிருக்கிறது.

இந்த இல்லாத நாள் சர்வதேசத் தரத்துக்குள்ளும் நுழைந்தது. எக்செல் கோப்பின் புது வடிவத்தை 2006இல் எக்மா என்ற அமைப்பு தரமாக அறிவித்தபோது, 1900ஐ லீப் வருஷமாக எண்ணவேண்டும் என்பதும் அதில் எழுத்தில் இருந்தது. அதையே ஐ.எஸ்.ஓ. தரமாக்கக் கேட்டபோது எதிர்த்த நாடுகள் சொன்ன குறைகளில் இதுவும் ஒன்று. எதிர்த்து வாக்களித்தவர்களில் நம்ம இந்தியாவும் உண்டு. 2008இல் பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுலாவோடு சேர்ந்து மேல்முறையீடும் செய்தது. தள்ளுபடி ஆனது.

சரி, என் கதைக்கு வருகிறேன். எக்செல் முதலில் 1985இல் வெளிவந்தது மேக்கின்டாஷில், விண்டோஸில் இல்லை. மேக் இந்த 1900 தலைவலியே வேண்டாம் என்று 1904 ஜனவரி 1இலிருந்து எண்ண ஆரம்பித்தது, அதுவும் பூஜ்யத்திலிருந்து. புத்திசாலித்தனமான முடிவு. ஆனால் மேக்கில் செய்த தாளிலிருந்து விண்டோஸ் தாளுக்குத் தேதிகளை ஒட்டினால், அத்தனையும் 1,462 நாள் பின்னுக்குப் போய்விடும். நாலு வருஷமும் ஒரு நாளும். 1,462 எப்படி வந்தது? 1900லிருந்து 1904 வரை உண்மையில் 1,460 நாள். ஒன்றில் தொடங்குவதற்கும் பூஜ்யத்தில் தொடங்குவதற்கும் வித்தியாசம் 1. மிச்சம் இருக்கிற இன்னொரு 1தான் லோட்டஸின் பிப்ரவரி 29!

2005இல் அந்தத் தொழிற்சாலையின் ஆட்கள் பட்டியலை மேக்கில் வைத்திருந்த ஒரு ஆலோசகர் எங்களுக்கு அனுப்பினார். தேதி எல்லாம் நாலு வருஷம் முன்னால் நின்றது. 1,462ஐக் கூட்டிக்கொள் என்று உதவிப் பக்கத்தில் இருந்தது. ஆணி அதிகமாக இருந்த வாரம். பக்கத்தில் ஒரு காலம் போட்டு, கூட்டல் 1462 என்று எழுதி, சேவைக்காலம் அதிலிருந்து வரும்படி செய்து, பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அந்தக் காலத்தை மறைத்து வைத்தேன். அந்த வருஷம் எல்லாம் சரியாக வந்தது. மறுவருஷம் ஆலோசகர் விண்டோஸுக்கு மாறிவிட்டார். தேதிகள் சரியாகவே வந்தன. நான் மறைத்து வைத்த காலம் தன் கடமையைச் செய்தது. எல்லாரையும் நாலு வருஷம் தாமதமாக வேலைக்குச் சேர்த்தது. அச்சில் சேர்ந்த தேதியும் வரட்டும் என்று நண்பர் ஒருவர் மூலக் காலத்தை எடுத்துப் போட்டிருந்ததால்தான் பெரியவர் கண்ணில் பட்டது. எக்செல் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. அதன் பார்வையில் தப்பே இல்லையே.

(சேவைக்காலத்துக்கு நான் பயன்படுத்தியது டேட்டெடிஃப் என்ற சார்பு. அதுவும் லோட்டஸுக்காக வைத்திருப்பதுதான். தட்டும்போது எக்செல் காட்டுகிற பட்டியலில்கூட வராது, பெயர் தெரிந்தவர்களுக்கு மட்டும் வேலை செய்யும். அது கொடுக்கும் சில விடைகள் தப்பு என்று மைக்ரோசாஃப்ட்டே எச்சரிக்கிறது. அது தனிப் புராணம்.)

அந்த வாரம் ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை. மற்றவர்கள் இப்படிப்பட்ட இடங்களில் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்ததில் சிக்கியது 1994 பென்டியம் கதை.

வர்ஜீனியாவில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி. இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். 1994இல் ஒரு பென்டியம் கணினியைச் சேர்த்துக்கொண்டதும் ஜூன் மாதம் கணக்கு இடித்தது. தன் நிரலைச் சந்தேகப்பட்டார், மதர்போர்டைச் சந்தேகப்பட்டார், ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு அக்டோபரில்தான் சில்லுதான் குற்றவாளி என்று முடிவுக்கு வந்தார். 824633702441 என்ற எண்ணால் 1ஐ வகுத்து, மறுபடி அதே எண்ணால் பெருக்கினால் 1 வரவேண்டும். பென்டியத்தில் 0.999999996 என்று ஆரம்பிக்கிற ஏதோ ஒன்று வந்தது. எல்லாரையும் போல அவரும் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

நாம் பள்ளிக்கூடத்தில் வகுத்தல் போடும்போது "எத்தனை தடவை போகும்" என்று வாய்ப்பாட்டைப் பார்த்து ஊகிக்கிறோம் இல்லையா? பென்டியமும் அப்படித்தான், உள்ளே ஒரு வாய்ப்பாடு. அதில் 1,066 இடங்களில் மதிப்பு இருக்கவேண்டும். கணக்கைக் கெடுக்கக்கூடிய 5 இடங்கள் காலியாக விட்டுப்போயிருந்தன. கலிஃபோர்னியாவில் டிம் கோ என்ற பொறியாளர், சில்லைத் திறக்காமலே, தப்பு விடைகளை வைத்துக்கொண்டே உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகித்துச் சொன்னார். அவர் கண்டுபிடித்த ஜோடிதான் பிரபலமானது. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும், பென்டியம் 1.33373 என்றது. நாலாவது தசம இடத்திலேயே தப்பு.

சாதாரண ஆளுக்கு 27,000 வருஷத்துக்கு ஒரு தடவைதான் இப்படி நடக்கும் என்றது இன்டெல். 24 நாளுக்கு ஒரு தடவை நடக்கலாம் என்று சொல்லி, அந்தச் சில்லு போட்ட கணினிகளை அனுப்புவதை டிசம்பர் 12 அன்று நிறுத்தியது ஐ.பி.எம். டிசம்பர் 20 அன்று கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித்தருகிறோம் என்று இன்டெல் இறங்கிவந்தது. செலவு 47 கோடியே 50 லட்சம் டாலர். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த பகுதி.

எனக்கு முக்கியமானது நடுவில் நடந்தது. மேட்லாப் மென்பொருளை உருவாக்கிய கிளீவ் மோலர் சில்லு மாறும்வரை காத்திருக்கவில்லை. டிம் கோ, நார்வேயில் இருந்த தெரியே மதிசென், பீட்டர் டாங், இன்டெலின் ஆட்கள் என்று மடல் வழியாகவே ஒரு கூட்டம் சேர்ந்தது. அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் அத்தனை எளிமை. வகுக்கிற எண்ணின் முதல் சில பிட்டுகளைப் பார். ஆபத்தான ஐந்து தொடக்கங்களில் ஒன்றா? இல்லையென்றால் பேசாமல் வகு. ஆமென்றால், மேலேயும் கீழேயும் 15/16ஆல் பெருக்கிவிட்டு வகு. இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்குவதால் விடை மாறாது. கீழே இருக்கிற எண் மட்டும் அந்த ஓட்டை இடத்திலிருந்து நகர்ந்துவிடும்.

15/16 என்றால் நம்ம ஊர்க் கணக்கில் முக்காலும் மூணு வீசமும். "முக்காலே மூணு வீசம் வேலை முடிஞ்சுது" என்று தாத்தா சொல்வார், அதே முக்காலே மூணு வீசம்! அதைப் படித்தபோது ராத்திரி ஒரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அறை நண்பன் எழுந்து பார்த்தான்.

அதைவிட எனக்கு உறைத்தது அதற்கு வைத்த பெயர். பென்டியத்தை அறிந்த மேட்லாப், "பென்டியம் அவேர்", என்றே வெளியிட்டார்கள். என்ன வைத்தியம், எதற்காக என்பதைப் பெயரிலேயே ஒட்டி வைத்தார்கள். நான் என் வைத்தியத்தை மறைத்து வைத்திருந்தேன்.

அடுத்த வருஷமே எக்செல்லில் இதற்கு நேர் எதிரான ஒரு கூத்து. 2007 செப்டம்பரில் ஒருவர் கண்டுபிடித்தார், எக்செல் 2007இல் 850ஐ 77.1ஆல் பெருக்கினால் 65,535க்குப் பதில் 1,00,000 என்று காட்டுகிறது. உள்ளே இருக்கிற மதிப்பு சரி, அதை இரண்டால் பெருக்கினால் 1,31,070 என்று ஒழுங்காக வரும். திரையில் எழுதுகிற பகுதிதான் உளறியது. 12 குறிப்பிட்ட மதிப்புகளுக்கு மட்டும். அக்டோபர் 9 அன்று ஒட்டு வந்துவிட்டது. ஆனால் அந்த இடைவெளியில் அச்சடித்துக் கொடுத்த காகிதங்களை யார் போய்த் திருத்தியிருப்பார்கள்?

கைவைத்தியத்தின் உச்சம் மரபணுக்காரர்கள் கதை. மார்ச்1, செப்ட்2 என்று சில மனித மரபணுக்களுக்குப் பெயர். கட்டத்தில் செப்ட்2 என்று தட்டினால் எக்செல் "அட, செப்டம்பர் 2!" என்று தேதியாக்கிவிடும். காட்டுவதை மட்டுமல்ல, உள்ளே இருப்பதையே எண்ணாக மாற்றிவிடும், பழைய பெயர் திரும்ப வராது. 2310009ஈ13 போன்ற அடையாள எண்ணைப் பத்தின் அடுக்காக எடுத்துக்கொண்டு 2.31 என்று ஆரம்பித்துவிடும். 12 இலக்க ஆதார் எண்ணை எக்செல்லில் தட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும். 2004இலேயே இதை ஒரு ஆய்வுக் கட்டுரை எச்சரித்தது. முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போடு, கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒட்டு என்று ஆயிரம் வைத்தியம். 2016இல் ஆஸ்திரேலியாவில் மூன்று பேர் எண்ணிப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியலை எக்செல்லில் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் பெயர் கெட்டிருந்தது. படித்தவர்கள், பேராசிரியர்கள், நடுவர்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்த கட்டுரைகள்!

கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020இல் புது வழிகாட்டியை வெளியிட்டது. மார்ச்1 மார்ச்எஃப்1 ஆனது, செப்ட்2 செப்டின்2 ஆனது. ஒரு வருஷத்துக்குள் 27 மரபணுக்களுக்கு இப்படி ஞானஸ்நானம். மென்பொருள் மாறாததால் உயிரியல் மாறியது. நக்கலாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் அதைப் பகிரங்கமாக, பழைய பெயர் எது, புதுப் பெயர் எது என்று எழுதிவைத்துச் செய்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 2023 அக்டோபரில், தானாகத் தேதியாக்குவதை நிறுத்திவைக்க மைக்ரோசாஃப்ட் ஒரு வழி கொடுத்தது. பெயர்கள் திரும்பவில்லை.

பெரியவர் அன்றைக்கே கேட்டார், "மத்தவங்களுக்கு?" எனக்கு அது தோன்றவே இல்லை என்பதை வெட்கத்தோடு சொல்லவேண்டும். அந்தப் பட்டியலில் அந்த வருஷம் ரிடையர் ஆனவர்கள் 9 பேர். மீதி 8 பேரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். கம்ப்யூட்டர் அடித்த தாளாயிற்றே, ஒருத்தரும் கேட்கவில்லை. மேலாளரிடம் போய்ச் சொன்னேன். திட்டினார். பிறகு தொழிற்சாலைக்கு அவரே ஃபோன் போட்டார். பெரியவருக்கு அடுத்த வாரமே 24,000 கிடைத்தது. மற்றவர்களுக்குக் கடிதம் போட்டோம். அதில் ஒன்று, முகவரியில் ஆள் இல்லை, கிராமத்துக்குப் போய்விட்டார் என்று திரும்பி வந்தது. அந்தக் கிராமம் எது என்று பெரியவர்தான் விசாரித்துச் சொன்னார். பணம் போய்ச் சேர்ந்தபோது தீபாவளி தாண்டியிருந்தது.

அந்தத் தாளில் மறைத்து வைத்த காலத்தைத் திறந்து, மஞ்சள் அடித்து, தலைப்பில் "1904 தேதி முறைக்காக 1462 கூட்டப்படுகிறது, விண்டோஸ் கோப்பானால் நீக்கவும்" என்று எழுதினேன். நிறுவனத்தை விட்டு வந்து வருஷக்கணக்காகிறது. அங்கே இருக்கிற நண்பர் சென்ற வருஷம் ஃபோனில் சொன்னார், அந்த மஞ்சள் காலம் இன்னும் இருக்கிறதாம். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லையாம், எடுக்கவும் பயமாம். கூட்டல் 0 என்று மாற்றி வைத்திருக்கிறார்கள்.